பிலோமினாவின் கூறைச்சீலை

ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் களப்பு ஏரியுமாக, நடுவில் நாக்கைப்போல நீண்டு கிடந்த மணலில், சனமெல்லாம் வந்து சேர்ந்து இனிப் போக இடமில்லை என்று நின்ற அந்தப் பங்குனி மாதத்தில், பிலோமினாவின் கூறைச்சீலை கிழிக்கக் கிழிக்க முழுசாகத் திரும்பி வந்தது. அதைக் கண்டு ஒருவரும் அதிசயப்படவில்லை. அதிசயப்படுவதற்கு ஆறுதலான நேரம் கொஞ்சம் வேண்டும், அந்த மணலில் அது இருக்கவில்லை. ஆனால் யோகாம்பிகைக்குப் பொறாமைப்பட மட்டும் நேரம் இருந்தது.

யோகாம்பிகை கெட்ட மனுசி இல்லை. வெள்ளிக்கிழமை விரதம் பிடிக்கிறவள், அம்மாளாச்சிக்குக் கற்பூரம் கொளுத்தாமல் பச்சைத்தண்ணீர் குடிக்காதவள், ஊர் ஊராக இடம்பெயர்ந்தபோதும் சாமிப்படத்தைத் துவாயில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டே வந்தவள். ஓடு பறந்த ஒரு பள்ளிக்கூடத்தை ஆஸ்பத்திரி என்று சொல்லி நடத்திக்கொண்டிருந்த இடத்தில் அவளுடைய மகள் வதனி, ஒரு காலில் முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லாமல், வாங்குப் பலகைகளைச் சேர்த்துப் போட்ட கட்டிலில் கிடந்தாள். தாய் அந்த ஆஸ்பத்திரியின் பின்பக்கத்தில், பழைய கட்டுத்துணிகளைக் கிடாரத்தில் போட்டு அவித்து, அலசி, காயப்போட்டு, மடித்துக் கொடுக்கிற வேலையைத் தானாகவே எடுத்துக்கொண்டாள். மேலே வண்டு சுற்றும். ஆளில்லாமல் பறந்து வேவு பார்க்கிற விமானத்துக்குச் சனம் வைத்த பேர் அது. வண்டுக்குப் புகை தெரியக்கூடாது என்று பனையோலையைப் பிடித்துப் புகையைக் கலைத்துக் கலைத்துத்தான் அவிக்கவேண்டும்.

மருந்துக் கப்பல் வரும் என்றார்கள், வரவில்லை. வந்த கப்பலையும் கரைக்கு விடவில்லை. உள்ளே இருக்கிறது கொஞ்சச் சனம்தான், அதற்கு இவ்வளவு மருந்து எதற்கு என்று வெளியில் கேட்டார்களாம். ஆஸ்பத்திரி இருக்கும் இடத்தை அறிவித்தால் அதில் அடிக்கமாட்டார்கள் என்று அறிவித்தார்கள், அறிவித்த பிறகுதான் எறிகணைச் செல் குறி தப்பாமல் விழுந்தது. அப்படிக் கடைசிக் கட்டுத்துணியும் முடிந்த ஒரு காலையில் டொக்டர், கண்ணெல்லாம் சிவந்துபோய், முற்றத்தில் வந்து நின்று, "அம்மாமார், துணி வேணும். எந்தத் துணியெண்டாலும் தாங்கோ" என்று கேட்டார்.

அந்தச் சனத்திடம் அப்போது துணி என்று மிஞ்சியிருந்தது கூறைச்சீலைதான். மற்றச் சீலையெல்லாம் மண்மூட்டையாகத் தைத்துப் பங்கர்க் குழிக்கு மேல் அடுக்கியாயிற்று. வீட்டைவிட்டு வந்தார்கள், மாட்டை அவிழ்த்துவிட்டு வந்தார்கள், நெல்லை மூட்டையோடு விட்டு வந்தார்கள், ஆனால் தாலி கட்டுகிற நேரம் புருசன் கையால் வாங்கி உடுத்த கூறையை மட்டும் பையின் அடியில் வைத்துக் கொண்டுவந்தார்கள். ஏனென்றால் அந்தச் சீலைக்கு இரண்டு நாள்தான் வேலை: கலியாணத்தன்று ஒருதரம், பிறகு அவள் கண்மூடுகிற அன்று அவள் மேல் போர்த்த ஒருதரம். கூறையைக் கேட்பதென்றால் ஒருத்தியிடம் அவளுடைய சாவைக் கேட்கிறமாதிரி. டொக்டர் அதைக் கேட்கவில்லை, துணிதான் கேட்டார். ஆனால் பெண்களெல்லாம் தங்கள் பைகளை ஒரு தரம் பார்த்துவிட்டு நிலத்தைப் பார்த்தார்கள்.

முதல் எழுந்தது யோகாம்பிகைதான். "அம்மாளாச்சி, என்னை எதால மூடினாலும் பரவாயில்லை, இந்தப் பிள்ளையளை இதால மூடு" என்று எல்லோருக்கும் கேட்கக் கும்பிட்டு, குங்குமச் சிவப்பில், கரை முழுக்க அன்னம் போட்ட அந்த அசல் பட்டைத் தன் கையாலேயே நீளமாகக் கிழித்தாள். பார்த்திருந்தவர்கள் அழுதார்கள். தாதி சுகிர்தா மிஸ்ஸி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். யோகாம்பிகைக்கு நெஞ்சுக்குள் ஒரு குளிர்ச்சி வந்தது. அம்மாளாச்சி இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தாள், சனமும் பார்க்கிறது என்றும் கொஞ்சம் நினைத்தாள். அன்று கஞ்சி வரிசையில் செல் விழுந்து காயப்பட்டு வந்தவர்களுக்கு அந்தப் பட்டைக் கட்டினார்கள். மத்தியானத்துக்குள் சீலை முடிந்தது. முடிந்தது முடிந்ததுதான். அடுத்த நாள் விடிய அவள் தன் பையைத் திறந்து பார்க்கவில்லை, ஆனால் பிலோமினாவின் கதை தெரிந்த பிறகு, சொன்னால் நம்பமாட்டீர்கள், ஒவ்வொரு நாளும் திறந்து பார்த்தாள்.

பிலோமினா மீன் விற்றவள். வாய் திறந்தால் கடற்கரை நாறும் என்று ஊரில் சொல்லுவார்கள். பூசைக்குப் போகமாட்டாள், சுவாமியார் கண்டித்தால், "பாவிகளுக்காகத்தானே பாதர் நீங்கள் இருக்கிறியள், நானும் வராட்டி உங்களுக்கு என்ன வேலை" என்பாள். புருசன் ஒருநாள் தொழிலுக்குப் போன கடலில் இருந்து வரவேயில்லை. அவள் தாலியைக் கழற்றவும் இல்லை, அவனுக்குப் பூசை ஒப்புக்கொடுக்கவும் இல்லை. ஒரே மகள் ஜெனோவா, வதனியோடு ஒன்றாகப் படித்தவள், அந்தக் கஞ்சி வரிசையில் காயப்பட்டு அன்று பின்னேரம் செத்துப்போனாள். அதற்குப் பிறகு ஒரு கிழமை பிலோமினாவைக் காணவில்லை. பிறகு ஒருநாள் காலை, அரக்குச் சிவப்புச் சீலை ஒன்றைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்து, மிஸ்ஸியின் மேசையில் விட்டெறிந்தாள்.

"இந்தா பிடி. கிழி. எனக்கு வேண்டாம்."

அது பட்டும் இல்லை, நூலும் பட்டும் கலந்த மலிவுக் கூறை. கரையில் சின்னச் சின்னத் திராட்சைக்குலை. சுகிர்தா மிஸ்ஸி தடவிப் பார்த்துவிட்டு, "இதுதான் நல்லது. பட்டு இரத்தத்தை உறிஞ்சாது, வழுக்கும். நூலெண்டால் பிடிக்கும்" என்றாள். கிடாரத்தடியில் நின்ற யோகாம்பிகைக்கு அது காதில் விழுந்தது. அந்தச் சொல்லை அவள் வெகுநாள் மென்றாள்.

அடுத்த நாள் விடிய பிலோமினா பெரிய சத்தத்தோடு வந்தாள். கையில் அதே சீலை, முழுசாக, மடிப்புக் குலையாமல்.

"ஆரடி இதைக் கொண்டுவந்து என்ர பைக்குள்ள வச்சது? குடுத்ததைத் திருப்பித் தாறது என்ன பழக்கம்? ஏன், மீன்காரியின்ர சீலையெண்டு மணக்குதோ உங்களுக்கு?"

மிஸ்ஸி நேற்றுக் கட்டிய காயங்களைப் போய்ப் பார்த்தாள். எல்லோர் மேலும் திராட்சைக்குலை இருந்தது. திரும்பி வந்து, "தந்தது அங்கை கிடக்கு. இது வேற" என்றாள். "வேறயோ? நான் என்ன துணிக்கடையோ வச்சிருக்கிறன்" என்றாள் பிலோமினா. டொக்டர் வந்து பார்த்தார். பார்த்துவிட்டு, "கிழியுங்கோ" என்றார். அவ்வளவுதான் அந்த அதிசயத்துக்கு நடந்த விசாரணை.

அதன் பிறகு அது ஒரு நாளாந்த வேலையாகிப்போனது. விடிய பிலோமினா கொண்டுவருவாள், யோகாம்பிகை கிழிப்பாள். கை நேரான கை, கோணாமல் கிழிக்கக்கூடியவள் அவள்தான் என்று மிஸ்ஸி அவளிடம் கொடுத்துவிட்டாள். "பஞ்சு இல்லை, ஸ்பிரிட் இல்லை, கூறை இருக்கு" என்று காலையில் மிஸ்ஸி டொக்டருக்குச் சொல்லுகிறபோது அதில் அதிசயம் எதுவும் இருக்காது. சனத்துக்கு மட்டும் பேசுவதற்கு ஒரு விசயம் கிடைத்தது. மாதாவின் புதுமை என்றார்கள் வேதக்காரர். "திராட்சைக்குலையைப் பாக்கத் தெரியேல்லையோ?" சிவப்பு என்றால் அம்மாளாச்சி என்றார்கள் சைவக்காரர். பங்கருக்குள் தலையைக் குனிந்துகொண்டு இந்த வழக்குப் பேசி முடிவதற்குள் அடுத்த செல் விழும், இரண்டு பக்கமும் சேர்ந்து "ஐயோ அம்மா" என்று கத்தும், அந்த அம்மா யார் என்று அப்போது ஒருவரும் கேட்பதில்லை. தங்கள் அரிசிப் பையைப் பிலோமினாவின் பைக்குப் பக்கத்தில் ஒரு இரவு வைத்துத் தரக் கேட்டு வந்தார்கள் சிலர். வைத்தாள். அரிசி குறைந்தது. "எலி எந்தச் சமயமோ தெரியேல்லை" என்றாள் பிலோமினா.

குமர்ப் பிள்ளைகளுக்கு அவசர அவசரமாகக் கலியாணம் நடந்துகொண்டிருந்த காலம் அது. கூறைக்கு எங்கே போவது? விடிய அந்தச் சீலையை உடுத்திக்கொண்டு பங்கர் வாசலில் தாலி கட்டி, வெயில் ஏறுமுன் அவிழ்த்துக் கொண்டுவந்து கொடுப்பார்கள். உடம்புச் சூடு ஆறாத சீலையை யோகாம்பிகை வாங்கிக் கிழிப்பாள். மணப்பிள்ளைகள் பிலோமினாவின் காலில் விழுந்து கும்பிட்டுவிட்டுப் போவார்கள். ஒருநாள் அப்படிக் கும்பிட்ட பெண் யோகாம்பிகையின் சொந்த அண்ணன் மகள். அன்று கிழித்த துண்டுகள் எல்லாம் கோணலாகப் போயிருந்தன.

அவளுக்கு இரவில் நித்திரை வராது, செல்லால் மட்டும் இல்லை. அம்மாளாச்சியோடு வழக்குப் பேசுவாள். நான் முதல் கொடுத்தேன். நான் கும்பிட்டுக் கொடுத்தேன். என்னுடையது அசல் பட்டு. அவள் பேசிப் பேசி விட்டெறிந்தாள். எனக்கு ஒரு முழமாவது திருப்பித் தந்திருக்கக்கூடாதா? நான் எனக்காகவா கேட்கிறேன், காயப்பட்டதுகளுக்குத்தானே? இப்படிக் கேட்டுவிட்டு, அது பொய் என்று தெரிந்து, கன்னத்தில் போட்டுக்கொள்வாள். அதற்குமேல் இன்னொன்று அவளைத் தின்றது. பிலோமினா ஒவ்வொரு நாளும் வதனியிடம் வருவாள். கால்மாட்டில் குந்தியிருந்து, கட்டைப் பார்த்து, நெற்றியைத் தொட்டு, தன் கஞ்சியில் இரண்டு வாய் ஊட்டிவிட்டுப் போவாள். என் பிள்ளையின் காலில் தன் சீலை கிடக்கிறதென்று பார்த்துப் பெருமைப்படத்தான் வருகிறாள் என்று யோகாம்பிகை நினைத்தாள்.

ஒருநாள் பொறுக்கவில்லை. சீலையின் தலைப்பில், மூலையில், பிலோமினாவின் தாய் கறுத்த நூலால் போட்ட சின்னச் சிலுவை ஒன்று இருந்தது. அந்த மூலையை ஒருவரும் கிழிப்பதில்லை, அதுதான் வித்து, அது இருந்தால்தான் மற்றது முளைக்கும் என்று சனம் தானாக ஒரு முறை வைத்திருந்தது. யோகாம்பிகை சுற்றிப் பார்த்துவிட்டு, அந்தச் சிலுவையையும் கிழித்து, நூலை உருவி, கிடாரத்து நெருப்பில் போட்டாள்.  அன்று பகல் முழுக்க அவள் காயப்பட்டவர்களின் முகத்தைப் பார்க்கவில்லை. நாளைக்குத் துணி வராவிட்டால் அது என்னால் என்று நினைத்து, வராமல் இருக்கவேண்டும் என்றும், ஐயோ வரவேண்டும் என்றும், இரண்டையும் ஒரே வாயால் வேண்டிக்கொண்டாள். விடிந்தது. சீலை வந்தது. மூலையில் சிலுவை இருந்தது. தன் பாவத்துக்குக்கூட ஒரு பெறுமதி இல்லையென்று அன்று அவளுக்கு வந்த எரிச்சல் முந்தியதைவிடப் பெரிது.

இதற்கிடையில் டொக்டர் சட்டலைற் போனில் வெளியில் இருந்த ஒரு பெரிய கந்தோருக்கு, நிவாரணம் அனுப்புகிற அலுவலகத்துக்கு, ஒவ்வொரு நாளும் பேசிக்கொண்டிருந்தார். மயக்க மருந்து, சேலைன், குழந்தைகளுக்குப் பால்மா, கட்டுத்துணி. ஒருநாள் அந்தப் பக்கத்துக் குரல் நல்ல மரியாதையாகச் சொன்னது: "டொக்டர், உங்களிடம் தீராத சேலை ஒன்று இருக்கிறதாகக் கேள்விப்பட்டோம். மிகவும் சந்தோசம். ஆகவே கட்டுத்துணியை எடுத்துவிட்டோம். அதுபோல வேறு ஏதாவது அங்கே இருக்கிறதா?"

டொக்டர் போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சிரித்தார். அவர் சிரித்ததைச் சனம் அன்றுதான் முதலும் கடைசியுமாகப் பார்த்தது.

"இதுக்கு என்ன பேர் வைக்கிறதெண்டு வெளியில பெரிய மனுசரெல்லாம் மேசை போட்டுக் கதைக்கினமாம் டொக்டர். இனத்தை அழிக்கிறதெண்டு சொல்லலாமோ, வேற சொல்லு இருக்கோ எண்டு" என்றாள் மிஸ்ஸி.

"கதைக்கட்டும் கதைக்கட்டும்" என்றாள் வாசலில் நின்ற பிலோமினா. "பேர் வச்சு முடிய, அந்தப் பேரைச் சொல்லி அழ இங்கை ஒரு ஆளும் மிஞ்சாது."

அந்தப் பின்னேரம் கிடாரத்தடியில் யோகாம்பிகையும் பிலோமினாவும் தனியாக இருந்தார்கள். காற்று விழுந்துபோய்ப் புகை கலையமாட்டேன் என்று நின்றது. பிலோமினா ஓலையை எடுத்து விசிறினாள். அந்த விசிறலில் யோகாம்பிகைக்கு என்ன நடந்ததோ, அகப்பையைக் கீழே போட்டுவிட்டுக் கேட்டாள்.

"நீ ஒருநாள் ஒழுங்கா முழந்தாளில நிண்டிருக்கிறியோ பிலோமினா? ஒருநாள்? பிறகேன் உனக்கு? என்னில என்ன குறை கண்டு எனக்கில்லாமல் உனக்குக் குடுத்தது?"

பிலோமினா விசிறுவதை நிறுத்தவில்லை. "இவ்வளவு நாளும் இதையோ வயித்துக்குள்ள வச்சிருந்தனியள், யோகமக்கா? நானும் பாக்கிறன், சீலையைக் கிழிக்கிறாவோ என்னைக் கிழிக்கிறாவோ எண்டு."

"சிரியாதை. சொல்லு."

"என்னத்தைச் சொல்ல. நான் ஆஸ்பத்திரிக்குக் குடுத்த அண்டைக்கில்லை அது முதல் திரும்பி வந்தது." ஓலை நின்றது. "ஜெனோவாவைப் பெட்டியில்லாமல்தானே தாட்டது. கலியாணம் காணாத பிள்ளை, என்ர கூறையால சுத்தித்தான் விட்டனான். தலையில இருந்து கால்வரைக்கும். என்ர கையாலதான் மண் போட்டனான். விடியப் பாக்கிறன், சீலை பைக்குள்ள கிடக்கு. மண் ஒரு பொட்டுக்கூட இல்லை. பிள்ளையை அங்கையே விட்டிட்டு, தான் மட்டும் வந்து மடிஞ்சு கிடக்கு."

கிடாரத்தில் தண்ணீர் கொதித்துப் பொங்கியது. ஒருவரும் நெருப்பை இழுக்கவில்லை.

"ஒரு கிழமை அதைப் பாத்துக்கொண்டிருந்தன். கொண்டுபோய்க் கடல்ல எறிஞ்சன், வந்துது. அதுதான் உங்களிட்டைக் கொண்டுவந்து எறிஞ்சன், துண்டு துண்டாப் போகட்டுமெண்டு. நீங்கள் இதுக்கோ எரிஞ்சியள்? எடுங்கோ. இப்பவே எடுங்கோ. எனக்கு உங்களில இருக்கிற எரிச்சல் உங்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு நாளும் வந்து உங்கட பிள்ளையின்ர நெத்தியைத் தொட்டுப் பாக்கிறன், சூடிருக்கோ, மூச்சிருக்கோ எண்டு. இருக்கு. உங்களுக்கு இருக்கு. பிறகு போய் அழுதிட்டு, அடுத்த நாளும் வாறன். மாதா சத்தியமா, சில நாளில இவளும் போனாலென்ன எண்டு நினைச்சுக்கொண்டுதான் கஞ்சியை ஊட்டினனான். ஊட்டினாப் பிறகு அந்த நினைப்புப் போயிடும்."

 யோகாம்பிகை சிலுவையை எரித்த கதையைச் சொல்ல வாயெடுத்தாள், வரவில்லை. கைநீட்டி மற்ற ஓலையை எடுத்துக்கொண்டாள். இரண்டுபேரும் இருட்டுப்படும்வரை புகையைக் கலைத்துக்கொண்டிருந்தார்கள்.

அதன் பிறகு பொறாமை போய்விட்டது என்று நினைக்கவேண்டாம், அது அப்படிச் சொன்னவுடன் எழும்பிப் போகிற விருந்தாளி இல்லை. சீலை வரும்போது இன்னும் நெஞ்சில் சுருக்கென்று ஒன்று குத்தும். ஆனால் பிலோமினா வதனியின் கால்மாட்டில் குந்தியிருக்கிறபோது, யோகாம்பிகை தன் கஞ்சிக் கோப்பையையும் கொண்டுபோய் அவளிடம் கொடுத்தாள். "நீயே ஊட்டு. உன்ர கையாலதான் சாப்பிடுறாள்." அதைச் சொல்லவும் அவளுக்குக் கொஞ்சம் எரிந்தது.

சித்திரையின் கடைசியில் ஒரு காலை, பிலோமினா சீலையைக் கொண்டுவந்து யோகாம்பிகையின் கையில் கொடுத்துவிட்டு, தண்ணீர் அள்ளக் குழாய்க்கிணற்றுக்குப் போனாள். செல் அங்கே விழுந்தது. ஓடிப்போய்த் தூக்கி வந்தபோது மூச்சில்லை.

கழுவி விடவேண்டும் என்று யோகாம்பிகைதான் உட்கார்ந்தாள். மாதா தோத்திரம் தெரியாது, அம்மாளாச்சியின் பேரைச் சொல்லிச் சொல்லிக் கழுவினாள். இடதுகைச் சட்டையை மேலே தள்ளியபோது, மேல்கையில் இறுக்கமாகச் சுற்றி முடிந்த ஒரு துணி இருந்தது. காயமில்லாத கையில் ஏன் கட்டு என்று முடிச்சைத் திருப்பிப் பார்த்தாள். குங்குமச் சிவப்பு. அசல் பட்டு. இரத்தம் காய்ந்து கறுத்துப்போன இடத்துக்குப் பக்கத்தில், கழுத்தோடு கிழிந்த பாதி அன்னம்.

ஜெனோவாவுக்குக் கட்டிய துணி. தாய் தன் கூறையால் பிள்ளையைச் சுற்றுவதற்கு முன், இதை அவிழ்த்துத் தன் கையில் கட்டியிருக்கிறாள். அன்றிலிருந்து கழற்றவில்லை. எத்தனையோ விடியல் பையைத் திறந்து தேடிய சீலை, கிடாரத்தடியில் தனக்குப் பக்கத்திலேயே, ஒரு சட்டைக் கைக்குள் இருந்திருக்கிறது.

யோகாம்பிகை அந்த முடிச்சை அவிழ்க்கவில்லை. சட்டையைக் கீழே இழுத்துவிட்டாள்.

"அம்மா" என்றார் டொக்டர் பின்னால் இருந்து. "இண்டைக்குக் கிழிச்சாச்சோ?"

கிழிக்கவில்லை. சீலை அவளுடைய மடியில் முழுசாக இருந்தது. சனம் கூடிவிட்டது. போர்த்துங்கோ, வழக்கம்போல விடிய வரும் என்றார்கள் சிலர். வராது, அது அவளுக்கு வந்தது, அவள் இல்லை, இனி வராது, கிழித்துக் கடைசியாக இருக்கிறதைக் கட்டுவோம் என்றார்கள் சிலர். "உள்ளுக்குப் பார் எத்தனைபேர் கிடக்கினமெண்டு. உன்ர பிள்ளையும்தான் கிடக்கிறாள்" என்று ஒருத்தி கத்தினாள். அது உண்மை. வதனியின் கட்டை மாற்றி இரண்டு நாள், மணக்கத் தொடங்கியிருந்தது. இவ்வளவு காலமும் கேட்டது இப்போது மடியில் கிடக்கிறது, சொந்தம் கேட்க ஆளில்லை, அவளுடையது. அம்மாளாச்சி இப்படியும் தருவாள் என்று யோகாம்பிகைக்குத் தெரியாமல் போய்விட்டது.

அவள் சீலையை விரித்தாள். விளிம்பில் ஒரு முழம் நேராகக் கிழித்து, பக்கத்தில் நின்ற மிஸ்ஸியின் கையில் கொடுத்தாள். "வதனிக்கு. ஊட்டினவள் குடுத்ததெண்டு சொல்லு." மிச்சம் இருந்த சீலை முழுவதையும், கிழிந்த பக்கம் காலுக்கும் சிலுவை போட்ட மூலை நெஞ்சுக்கும் வர, பிலோமினாவின் மேல் போர்த்தினாள்.

"விசரி" என்றாள் கத்தினவள். "காயத்துக்கு இல்லாத துணி பிணத்துக்கோ?"

"இவ்வளவு நாளும் காயத்துக்குத்தானே குடுத்தவள்" என்றாள் யோகாம்பிகை. "இண்டைக்கு ஒருநாள் அது அவளின்ரதா இருக்கட்டும்."

அடுத்த நாள் விடிய யோகாம்பிகையின் பையும் திறந்து கிடந்தது, பிலோமினாவின் பையும் திறந்து கிடந்தது. இரண்டிலும் ஒன்றும் இல்லை. சீலை வரவில்லை. அது எங்கே போகவேண்டுமோ அங்கே போய்விட்டது என்றார்கள் சிலர், யோகாம்பிகையால் எல்லோரும் கெட்டோம் என்றார்கள் சிலர். இரண்டையும் அவள் காதில் வாங்கிக்கொண்டு, பழைய திராட்சைக்குலைகளை அவித்து அவித்துக் கொடுத்தாள், அந்த மணலில் எல்லாம் முடிகிறவரைக்கும்.

சண்டை முடிந்த பிறகு மிஞ்சின சனத்தை முள்ளுக்கம்பிக்குள் கொண்டுபோய்த் தறப்பாள் கூடாரங்களில் விட்டார்கள். அப்போதுதான் கட்டுத்துணி வந்தது, லொறி லொறியாக, வெள்ளை வெளேரென்று. பழையதைக் கழற்றி எரிக்கச் சொன்னார்கள். சனம் புதியதைக் கட்டிக்கொண்டு, பழையதைத் துவைத்துக் கம்பி வேலியில் காயப்போட்டது. வேலி கண்ணுக்கெட்டிய மட்டும் அரக்குச் சிவப்பாய் நின்றது. வதனி ஒரு கோலை ஊன்றிக்கொண்டு வந்து தன் ஒரு முழத்தையும் அதில் போட்டாள்.

அந்தப் பெரிய கந்தோரில் இருந்து ஒரு ஐயா வந்தார், கழுத்தில் அட்டை தொங்க, அளவுநாடாவோடு. நல்ல மனுசர்தான், எல்லோருக்கும் பிஸ்கட் கொடுத்தார். தீராத சீலையின் கதையை ஆறுதலாகக் கேட்டார். பிறகு ஒரு துண்டை அளந்து பார்த்துவிட்டு, தன்னோடு வந்தவரிடம் சொன்னார்: ஒரு சேலையின் நீளம் இவ்வளவு, அதில் இத்தனை பேருக்குமேல் கட்டுப்போட முடியாது, ஆகவே இவர்கள் சொல்லுகிற அளவுக்கு அங்கே ஆட்கள் காயப்பட்டிருக்க முடியாது.

அன்று பின்னேரம் யோகாம்பிகை ஊசியும் நூலும் கேட்டு வாங்கினாள். வதனியின் முழத்தை முதலில் வைத்து, பக்கத்துக் கூடாரத்துத் துண்டை அதோடு சேர்த்துத் தைத்தாள். வேறு பெண்களும் ஊசியோடு வந்தார்கள்.  சீலை கூடார வரிசையைத் தாண்டியது, தண்ணீர்த் தாங்கியைச் சுற்றியது, வேலியோரம் ஓடிக் காவல் நின்றவனின் சப்பாத்தடியால் வளைந்து, அடுத்த முகாமின் கம்பிக்கு வந்து, அங்கே நின்ற பெண்கள் கை நீட்டி வாங்கித் தங்கள் துண்டுகளைத் தைக்கத் தொடங்கினார்கள். தைக்கத் தைக்க இடைக்கிடை ஒரு சாண் வெறுமையாக விட்டு, நூலை மட்டும் ஓட்டிக்கொண்டு போனாள் யோகாம்பிகை.

ஐயா திரும்பவும் வந்தார். அளவுநாடாவை வெளியே எடுத்தார், பிறகு திரும்பப் பைக்குள் வைத்தார். வெகுதூரம் நடந்து பார்த்துவிட்டு வந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"இடையிடையே ஏன் ஓட்டை விட்டிருக்கிறீர்கள், அம்மா?"

"அது ஓட்டை இல்லை ஐயா. அங்கையும் ஆக்கள் இருக்கினம். தங்கட துண்டோட மண்ணுக்குள்ள."

அவர் குனிந்து ஒரு துண்டின் விளிம்பைத் தொட்டுப் பார்த்தார். "இது யாருடைய சேலை?"

என்னுடையது என்று ஒருதரம், ஒரே ஒருதரம், சனத்துக்கு முன் சொல்லவேண்டுமென்று எத்தனையோ இரவு ஆசைப்பட்டவள் யோகாம்பிகை. நூலை வாயால் கடித்து அறுத்தாள். நெஞ்சில் அந்தப் பழைய முள் அசைந்தது, அசைந்து தன் இடத்தில் இருந்தது.

"பிலோமினாவின்ர" என்றாள். "முதல் கிழிச்சது என்ர. அது அவளிட்டைக் கிடக்கு, ஐயா. அவளின்ர எங்களிட்டைக் கிடக்கு."